கடைசி வீட்டுக்கு என்ன பாடம்?

எங்கள் பக்கத்தில் முதலில் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்ன வாயை மூடுவதற்குள் "அங்கன எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் அப்புறம் கேட்க ஒன்றும் இருக்காது. உங்களுக்குத் தண்ணீரை எந்தச் செம்பில் தருவது என்பது வரைக்கும் அங்கேயே முடிவாகிவிடும்.

கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது இந்த இரண்டு கேள்விக்கும் நானும் என் வீட்டுக்காரரும் பதில் தயாராக வைத்திருந்தோம். கயத்தாறுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரை எப்போதும்வென்றான் என்று மாற்றினோம். தெருவையும் மாற்றினோம். அதோடு விட்டதா? சாமியையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. நாங்கள் தாத்தா காலத்திலிருந்து வேதக்காரர்கள். எங்கள் பக்கத்து வேதக்காரர் என்றாலே எந்தத் தெருவாக இருக்கும் என்று ஊகித்துவிடுவார்கள். அதனால் இயேசு படம் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் போனது. என் நெற்றிக்குப் பொட்டு வந்தது.

பெருமைக்கு ஆடின நாடகம் இல்லை அது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் கலவரம். இன்றைக்கு ஓடும் பஸ் நாளைக்கு ஓடாது. அப்படி ஒரு நாளில் வண்டி கிடைக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியாமல், என் முதல் கருவைப் பறிகொடுத்தேன். இரண்டாவது தங்கியதும், இதுவாவது ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் பிறக்கட்டும் என்றுதான் டவுனுக்கு வந்தோம். பிள்ளை பிறக்கும் வரைக்கும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வரிசையாகச் சில வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். முன்வீட்டில் வீட்டுக்காரம்மா. கடைசி வீட்டில் நாங்கள். எங்களுக்கு அடுத்த வீட்டில்தான் அந்த அக்கா இருந்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் கோவில்பட்டியில் இன்னும் இருக்கிறார்கள்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கலாம். ஒல்லி. கக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம். அடுப்பில் உலை கொதிக்கும்போதும் கக்கத்தில் புத்தகம், குடம் தூக்கும்போதும் புத்தகம். வீட்டுக்காரர் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பிள்ளை இல்லை. அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்திருந்தார். சமூகவியல். சமூக ஏற்றத்தாழ்வு என்று ஒரு புத்தகம், உலகச் சமயங்கள் என்று ஒரு புத்தகம், இன்னும் என்னென்னவோ. தபால்காரர் பார்சல் கொண்டுவரும் நாளில் அக்கா வாசலிலேயே உட்கார்ந்து சணலைப் பல்லால் கடித்துப் பிரிப்பார்.

படிக்கிற பொம்பளை என்றால் எனக்கு மரியாதை வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. குடிவந்த வாரமே குழாயடியில் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒங்க கொலசாமி எங்கன இருக்கு?" என்று கேட்டார். நான் திக்கித் திணறி, "எங்க மாமியாருக்குத்தான்க்கா தெரியும்" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். சத்தமில்லாமல் எதையோ ஒப்பிக்கிற மாதிரி. அந்த உதட்டசைவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். பாதகத்தி, என்னத்தை முணுமுணுக்கிறாள் என்று நினைத்தபடியே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னவென்று பிறகு தெரிந்தது. கேட்டதும் பயம் இரட்டித்துப்போனது. அக்காவுக்குப் புத்தகத்தை வெறுமனே படித்தால் மனதில் நிற்காது. ஒவ்வொரு பாடத்தையும் காம்பவுண்டில் ஒரு வீட்டின் மேல் கொண்டுபோய் வைப்பார். அப்புறம் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே போவார். அவரே சொன்னார்:

"புத்தகத்துல இருக்கது புத்தகத்துலயே கெடந்தா எனக்கு ஏற மாட்டேங்குது தங்கச்சி. ஒரு வீட்டு வாசல்ல வச்சிட்டேன்னு வையி, அங்கனயே நிக்குது."

"எந்த வீட்டுக்கு என்ன பாடம்க்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

ரைஸ் மில்லில் கணக்கெழுதுகிறவர் வீட்டுக்குச் சமூக நகர்வு. அவருடைய அப்பா ஆடு மேய்த்தவர். இவர் பேனா பிடிக்கிறார், இவர் மகனுக்கு டாக்டர் கனவு. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர் வீட்டுக்கு வர்க்கம். திடீரென்று கறி மீனை நிறுத்திவிட்டு, பழைய சாமிக்குப் புதுப் பெயர் வைத்துக் கும்பிடுகிறவர்கள் வீட்டுக்கு ஏதோ வாயில் நுழையாத ஒரு பாடம்.

"ஒங்க வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்கு ஆணாதிக்கம். அதுக்குப் படிக்கவே வேண்டாம். அவிய லாரிய விட்டு எறங்குத அன்னைக்கு எனக்கே எல்லாம் ஞாபகம் வந்துரும்."

"எங்க வீட்டுக்கு?"

அக்கா என் வாசலைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"இன்னும் வைக்கல" என்றார்.

பொய். வைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானம் அக்கா கடைக்குப் போன நேரத்தில் அவர் திண்டில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினேன். தீண்டாமை என்று ஒரு பாடமே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கிற மனுஷன், எதைக் கேட்டாலும் சிரிப்பார். "பரீட்சைக்குத்தானே படிக்காவ, படிச்சிட்டுப் போட்டும்" என்றார். அவருக்கென்ன, காலையில் போனால் பொழுதடைய வருவார். நாளெல்லாம் அந்த உதட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவள் நான்.

அப்புறம்தான் விளக்கு விஷயம் நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கேற்றுவார்கள். நானும் ஏற்றினேன். எப்படி ஏற்றுவது, எந்தப் பக்கம் திரி பார்க்க வேண்டும், எல்லாம் மற்ற வீடுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தேன். எப்படி அணைப்பது என்று மட்டும் பார்க்கவில்லை. வேலை முடிந்தது, எண்ணெய் ஏன் வீணாக வேண்டும் என்று குனிந்து வாயால் ஊதினேன். வேதக்கோயிலில் மெழுகுவத்தியை ஊதிப் பழகின வாய் அது. நிமிர்ந்தால் வாசலில் அக்கா. கையில் குழம்புக் கிண்ணம், கக்கத்தில் உலகச் சமயங்கள்.

விளக்கை வாயால் ஊதக்கூடாது என்பது அந்தக் காம்பவுண்டில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அக்கா புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை சரியாக விளக்கு நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். லாரி டயர் வெடித்த கதையைச் சொல்லிக்கொண்டே, தலையிலிருந்த மல்லிகையில் ஒன்றைக் கிள்ளி அதன் காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்தினார். கதை நிற்கவே இல்லை. சொல்லித் தருகிறாரா, இல்லை உனக்குத் தெரியாதென்று எனக்குத் தெரியும் என்று காட்டுகிறாரா? எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொரு நாள் உலகச் சமயங்களை என் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விரித்தார். புத்தமதப் பாடத்தைப் படித்துக் காட்டினார், இஸ்லாத்தைப் படித்துக் காட்டினார். கிறிஸ்தவப் பாடம் வந்ததும் நிறுத்தினார்.

"ஆண்டவர் முன்னால எல்லாரும் சமம்னு போட்டிருக்கு தங்கச்சி. எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல நடுவுல ஒரு சுவர் நிக்குதே. இங்கிட்டு ஒரு ஆளுக, அங்கிட்டு ஒரு ஆளுக. புத்தகம் எழுதினவர் அதைப் பாக்கலியோ?"

எங்கள் ஊரிலும் அந்தச் சுவர் உண்டு. என் தாத்தா எந்தப் பக்கம் கிடக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் கல்லறைத் திருநாளன்று அந்தச் சுவர்மேல் ஏறினதற்கு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நான் சொன்னது, "அப்படியாக்கா? அவிய பழக்கமெல்லாம் எனக்குத் தெரியாதே."

"ஆமா, ஒனக்கெப்படித் தெரியும்" என்றார் அக்கா. குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. கேலி என்றால் கேலி என்று தெரிந்துகொள்ளலாம், இரக்கம் என்றால் இரக்கம். அந்தக் குரலில் எதைப் பிடிப்பது?

இதற்கிடையில் வீடு வீடாகப் பாடம் வைத்த கதை காம்பவுண்டில் பரவிவிட்டது. கடலைமிட்டாய்க்காரர் பெண்டாட்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்னைய என்னத்துல வச்சிருக்கா? வர்க்கமா? நான் என்ன வர்க்கத்துக்குக் கொறைஞ்சு போயிட்டேன்?" என்று கத்தினாள். கறி நிறுத்தினவர்கள் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. ரைஸ் மில்காரர் மட்டும் தன் பாடத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அதை எழுதித் தரச் சொல்லி மகனிடம் காட்டினாராம்.

எனக்கு ஏழாம் மாதம் முடிந்தது. வளைகாப்புக்குத் தாய்வீட்டு ஆள் ஒருத்தரும் வரவில்லை. எப்படி வரச் சொல்வது? என் அம்மா பொட்டு வைக்காதவள். தும்மினால்கூட "ஸ்தோத்திரம்" என்பாள். அம்மாவுக்குக் காய்ச்சல், அண்ணனுக்கு வேலை என்று சாக்குச் சொன்னேன். வீட்டுக்காரம்மா நம்பவில்லை.

"தலைப்பிரசவம்கா. தாய்வீட்டு நாதி ஒண்ணுகூட எட்டிப் பாக்கலியே" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டாள். "என் கொழுந்தன் மகன் எப்போதும்வென்றான்லதான் பொண்ணெடுத்திருக்கான். ஒங்க வீட்டைப் பத்தி வெசாரிக்கச் சொல்லியிருக்கேன். தப்பா நெனைக்காத, குடி வச்சிருக்கவளுக்குத் தெரியணும்லா?"

இந்த வயிற்றோடு எங்கே போய் வீடு தேடுவது? திரும்ப ஊருக்கா, அந்த பஸ்ஸை நம்பியா? யார் இவளைக் கிளப்பிவிட்டது என்று யோசித்தேன். விளக்கை ஊதினதைப் பார்த்தவர் ஒருத்தர்தான். அக்காவும் வீட்டுக்காரம்மாவும் ஒரே ஆட்கள், அத்தை முறை வேறு. மனதுக்குள் அக்காவை நான் ஏசாத ஏச்சில்லை.

அந்த வாரம் நகராட்சித் தண்ணீர் வந்தது. கோவில்பட்டியில் தண்ணீர் வருவதென்றால் திருவிழாதான். எல்லா வீட்டுக் குடமும் வரிசையில். வீட்டுக்காரம்மாவின் குடங்கள் முதலில், என் குடம் கடைசியில். அக்கா நடுவில் புத்தகத்தோடு நின்றார். வீட்டுக்காரம்மா வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"ஏட்டி, ஊர்ல உள்ள வீட்டுக்கெல்லாம் பாடம் வச்சிருக்கியாமே. அந்தக் கடைசி வீட்டுக்கு என்ன பாடம்? எல்லார் முன்னாலயும் சொல்லு பாப்போம்."

குழாயடியே திரும்பி என்னைப் பார்த்தது. நான் குடத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அக்கா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பிறகு சத்தமாகவே ஒப்பித்தார்:

"மொதப் பாடம், அத்தை. ஆராய்ச்சி முறை. பங்கேற்று உற்றுநோக்கல்."

"எளவு, தமிழ்ல சொல்லு."

"ஒரு ஆளு வெளிய இருந்து வருவாரு. நம்ம கூடயே குடியிருப்பாரு. நம்ம சாப்பிடுததைச் சாப்பிடுவாரு, நம்ம கும்பிடுததைக் கும்பிடுவாரு. ஒண்ணும் தெரியாத மாதிரியே இருப்பாரு. ஆனா நம்ம செய்யுத ஒவ்வொண்ணையும் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அதான் அந்த வீடு."

தெரிந்துவிட்டது, முடிந்தது என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்து, புட்டுப் புட்டு வைத்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா புருவத்தைச் சுருக்கினாள். "நம்மளப் பாத்து என்ன செய்யவாம்?"

"படிக்கத்தான். மத்த வீடெல்லாம் நான் படிக்குத வீடு. அது நம்மளப் படிக்குத வீடு. அங்கன நம்மதான் பாடம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் தன் குடத்தை முன்னால் நகர்த்தினார்.

வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் புரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், தன் வீட்டு முன்னறையைப் பார்த்தாள். அந்த அறையில் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷங்களில் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் வருவதும், ஆள் விட்டு வேவு பார்ப்பதாகப் பேச்சு அடிபடுவதும் வழக்கம். என் வீட்டுக்காரர் தினமும் காகிதக் கட்டோடு தாலுகா ஆபீஸ் பக்கம் போகிறவர். குலசாமி எங்கே என்று சொல்லத் தெரியாதவர்கள். சொந்தம் என்று யாரும் வராதவர்கள். கணக்கு எப்படி நேராக வந்தது பாருங்கள்! சர்க்கார் ஆள் என்று முடிவுகட்டிவிட்டாள்.

"வயித்துப்பிள்ளைக்காரி, ஏன்மா கடைசில நிக்கே?" என்றாள் திடீரென்று தேன் ஒழுக. "ஏ, வழி விடுங்க. நீ மொதப் பிடி தாயி."

என் குடம் முதல் ஆளாகக் குழாய்க்கு அடியில் போனது. அவள் குடத்துக்கு முன்னால், எல்லாருடைய குடத்துக்கும் முன்னால். எங்கள் ஊரில் குழாயைத் தொட்டதற்கு என் சின்னம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். குடம் நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனந்தமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாளிலிருந்து முன்னறையில் பிள்ளைகள் இல்லை. சில பேர் பள்ளிக்கூடப் பையோடு போவதைப் பார்த்தேன். கொழுந்தன் மகன் விசாரிக்கிற பேச்சே அப்புறம் எழவில்லை. விசாரிக்க வந்தவர்களை விசாரிக்கலாமா! எனக்குப் பணியாரமும் கடம்பூர் போளியும் வந்தன.

இதையெல்லாம் அக்கா தெரிந்து செய்தாரா? வீட்டுக்காரம்மா இப்படித்தான் அர்த்தம் பண்ணிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டுச் சொன்னாரா? இல்லை, கேட்டதற்குப் பாடத்தை ஒப்பித்தார், மற்றது எங்கள் அதிர்ஷ்டமா? நன்றி சொல்ல வாய் வரவில்லை. நன்றி சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். குழாயடியில் பார்த்தால் அதே கக்கத்துப் புத்தகம், அதே உதட்டசைவு. நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பெண் குழந்தை பிறந்தது. நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவை ஆளனுப்பி வரச் சொல்லி, அவள் வந்ததும் காதில் சொன்னேன்: "சத்தமா ஜெபம் பண்ணாதம்மா." பாவம், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஜெபித்தாள். அவள் உதடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கம் வந்து நின்றார். அன்றைக்குத்தான் பரீட்சை முடிந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார். முதல்முறையாகக் கக்கம் காலியாக இருந்தது.

"பரீட்சை எப்படிக்கா?"

"நல்லா எழுதிருக்கேன். ஒங்க வீடு வந்துச்சு" என்றார். "பக்கம் பக்கமா எழுதிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கேயோ யாரோ ஒரு வாத்தியார் மேசையில் என் வீடு கிடந்து மார்க் வாங்கப் போகிறது. அதைச் சொல்ல நேரமில்லை. அக்கா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டில்லாத நெற்றி, வெள்ளைச் சேலை, பக்கத்தில் மஞ்சப்பைக்குள் முழுசாக மறையாத கறுப்பு அட்டை வேதப்புத்தகம். அக்காவின் உதடு அசையவில்லை.

"எந்த ஊரும்மா?"

நான் கண்ணைக் காட்டுவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். எப்போதும்வென்றான் இல்லை, எங்கள் ஊர். உள்ள ஊர்.

அடுத்த கேள்விக்காக நான் காத்திருந்தேன். அம்மாவும் காத்திருந்தாள். அவளுக்கு அது வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகின பதில். தெருப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா வாரீங்க?" என்றார் அக்கா. "பஸ்ல உக்கார எடம் கெடைச்சுதா?"

கேள்வி அவ்வளவுதான். ஏற்கெனவே தெரியும் என்பதால் கேட்கவில்லையா, தெரிய வேண்டாம் என்று கேட்கவில்லையா? எனக்கு அந்தச் சந்தேகம் இன்றைக்கும் தீரவில்லை. அம்மா திறந்த வாயோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.